ஒரே நாளில் நிரம்பிய கடைகள்: ஜெர்மனியின் ‘அதிசயத்துக்கு’ யார் விலை கொடுத்தது?

போரில் தோற்ற ஜெர்மனியின் மேற்குப் பகுதி. 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் வரிசையில் நின்று, தலைக்கு 40 புது மார்க் வாங்கினார்கள். மறுநாள் பார்த்தால், அதுவரை காலியாகக் கிடந்த கடைகளில் பாத்திரம், செருப்பு, துணி என்று சரக்கு குவிந்திருந்தது!

இவ்வளவு சரக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் பதுக்கலில் இருந்துதான். ஹிட்லர் ஆட்சியில் தொடங்கிய விலைக் கட்டுப்பாடு போருக்குப் பிறகும் தொடர்ந்தது. பழைய நோட்டுகள் ஏராளம், மதிப்புதான் இல்லை. சிகரெட்டே பணமாகப் புழங்கியது. அரசு சொன்ன விலைக்கு விற்க வியாபாரிகளுக்கு மனமில்லை.

பொருளாதார நிர்வாகத்தின் தலைவராக இருந்த லுட்விக் எர்ஹார்ட், புது நாணயம் வந்த கையோடு பல பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார். வாடகை, முக்கிய உணவுப் பொருள்களுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது.

அப்போ எல்லோருக்கும் லாபமா?

இல்லை. வங்கியில் 100 பழைய மார்க் சேமித்தவருக்குக் கடைசியில் கிடைத்தது 6.50 புது மார்க்தான். நிலம், தொழிற்சாலை, சரக்கு வைத்திருந்தவர்களின் சொத்து அப்படியே தப்பியது. விலைவாசி ஏறியது, வேலையில்லாதோர் எண்ணிக்கையும் கூடியது. நவம்பர் 12-ல் சுமார் 90 லட்சம் தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

‘அரசு திட்டமிட வேண்டும்’ என்றது சமூக ஜனநாயகக் கட்சி. ‘சந்தையை விடுங்கள், அது பார்த்துக்கொள்ளும்’ என்பது எர்ஹார்ட் தரப்பு. 1949 தேர்தலில் எர்ஹார்ட் இருந்த அணி நூலிழையில்தான் முந்தியது.

பிறகு என்னாச்சு?

சந்தை தொடர்ந்தது, ஆனால் அரசு ஒதுங்கிவிடவில்லை. அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியும் வந்து சேர்ந்தது. 1952-ல் வந்த ஒரு சட்டம், போரில் தப்பிய சொத்துகளின் மதிப்பில் பாதியை 30 ஆண்டுத் தவணையில் கட்டச் சொன்னது. வீடிழந்தவர்களுக்கும், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்கும் அந்தப் பணம் போனது. 1957-ல் ஓய்வூதியம் சம்பள உயர்வோடு இணைக்கப்பட்டது. நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. இந்தக் கலவைக்குப் பெயர்தான் ‘சமூகச் சந்தைப் பொருளாதாரம்’.

இப்போது ஏன் இது முக்கியம்?

‘கட்டுப்பாட்டை நீக்கினால் போதும், நாடு முன்னேறும்’ என்பதற்கு ஜெர்மனியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். கடைகள் நிரம்பியது உண்மை. ஆனால், அந்த 1952 சட்டம் வர நான்கு ஆண்டுகள் ஆனது. அடுத்த முறை யாராவது ‘சீர்திருத்தம்’ என்று சொன்னால், இரண்டே கேள்வி கேளுங்கள்: முதலில் இழப்பது யார்? அவர்களுக்கு ஈடு எப்போது?