தற்பாதுகாப்பா, கொலையா? தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமே

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியாக வடக்கே செல்பவர் சத்துருக்கொண்டானையும் வாவியோரத் தன்னாமுனையையும் கடந்து சிறிது நேரத்தில் ஏறாவூரை அடைந்துவிடுவார். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்குறுகிய நிலப்பரப்பில் துப்பாக்கியால் உறவுகளை இழந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால், அந்தத் துப்பாக்கிகளை ஏந்தியோர் நீதிமன்றத்தில் பதில் கூறிய சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. எனவேதான், 2021ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் நிகழ்ந்த ஒரு மரணம் எழுப்பிய சட்டக் கேள்வியை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

அன்றைய தினம், அப்போதைய இராஜாங்க அமைச்சர் ச. வியாழேந்திரனின் இல்லத்துக்கு முன்பாக, அவரது பாதுகாப்புக்கு நியமிக்கப்பட்டிருந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டதில் சாரதி ஒருவர் உயிரிழந்தார். துப்பாக்கியைப் பறிக்க முற்பட்டதாலேயே சுட நேர்ந்தது என ஒரு தரப்பில் கூறப்பட்டது. உயிரிழந்தவரின் உறவினர்கள் அதனை அடியோடு மறுத்தனர். சுட்ட உத்தியோகத்தர் கைது செய்யப்பட்டு நீதிவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்பட்டார்.

இவ்விரு கூற்றுகளில் எது உண்மை எனத் தீர்ப்பளிப்பது எமது வேலையன்று. சுட்டவரைக் கொலையாளி என்று முத்திரை குத்தவும் நாம் முற்படவில்லை. இத்தகைய முரண்பாட்டைத் தீர்க்க வேண்டியது யார் என்பதே எமது கேள்வி. பொலிஸ் ஊடகப் பேச்சாளரோ, அரசியல்வாதியோ, செய்தியாளர் மாநாடோ அதற்குரிய இடமல்ல. சாட்சியங்களைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தக்கூடிய நீதிமன்றமே அதற்குரிய இடமாகும்.

தற்பாதுகாப்பு உரிமையை இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவு முதல் அங்கீகரிக்கின்றது. சாதாரண குடிமகனுக்கும் பொலிஸாருக்கும் இவ்வுரிமை பொதுவானது. எனினும் அது எல்லையற்றதன்று. பாதுகாப்புக்குத் தேவையானதிலும் கூடுதலான தீங்கை விளைவிக்கலாகாது என்று 92ஆம் பிரிவு வரையறுக்கின்றது. எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காக்க எப்போது இடமுண்டு என்பதை 93ஆம் பிரிவு பட்டியலிடுகின்றது. தனக்கு மரணமோ பாரதூரமான காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தை ஏற்படுத்தும் தாக்குதல் அவற்றுள் முதன்மையானது. வாய்த்தர்க்கமோ, அவமதிப்போ, கட்டளைக்குக் கீழ்ப்படியாமையோ அப்பட்டியலில் இல்லை.

ஆகவே, “அவர் என்னைத் தாக்க வந்தார்” என்று கூறுவதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. தாக்க வந்தவரிடம் ஆயுதம் இருந்ததா, எவ்வளவு தூரத்தில் நின்றார், பின்வாங்கவோ எச்சரிக்கவோ அவகாசம் இருந்ததா, குண்டு உடலின் எப்பகுதியில் எத்திசையிலிருந்து பாய்ந்தது என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். துப்பாக்கியை ஒருவர் பற்றி இழுத்திருந்தால் மிக அண்மையிலிருந்து சுடப்பட்டமைக்கான தடயங்கள் உடலிலோ உடையிலோ இருக்கக்கூடும். சட்ட வைத்திய அதிகாரியும் அரச பகுப்பாய்வாளரும் ஆராய வேண்டிய விடயங்கள் இவை.

மற்றொரு முக்கிய விடயத்தையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநரையே சாரும். ஆனால், தற்பாதுகாப்பு என்ற விதிவிலக்கின் நன்மையைக் கோருபவர் அதனைத் தாமே நிறுவ வேண்டும் எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு கூறுகின்றது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அவர் அதனை நிரூபிக்க வேண்டியதில்லை. நிகழ்தகவின் சமநிலையில் நிறுவினால் போதும் என்பது 1942ஆம் ஆண்டின் சந்திரசேகர வழக்கில் உறுதிப்படுத்தப்பட்டது. நிரபராதி என்ற அனுமானத்தை வழங்கும் அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரையும், குறித்த சில விடயங்களை நிரூபிக்கும் சுமையைச் சட்டத்தின் மூலம் எதிரி மீது சுமத்தலாம் என்கின்றது. தற்பாதுகாப்பு என்பது வழக்கில் முன்வைக்கப்பட வேண்டிய எதிர்வாதமே தவிர, வழக்கே தொடரப்படாமல் தடுக்கும் கேடயமன்று.

வழக்குத் தொடருமாறு கோருவது பழிவாங்கல் என்று சிலர் கருதுகின்றனர். அது தவறாகும். நீதிமன்றத்தின் முன் மூன்று வழிகள் உண்டு. தற்பாதுகாப்பு நிறுவப்பட்டால் எதிரி விடுதலையாவார். உரிமை இருந்தும் நல்லெண்ணத்தில் அதன் எல்லையை மீறியிருந்தால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி அது கொலையாகாத குற்றமுறு மரணம் விளைவித்தலாகக் கருதப்படலாம். அதற்கு 297ஆம் பிரிவின் கீழ் 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தற்பாதுகாப்பு பொய்யாயின் அது கொலையாகும். நேர்மையாகத் தன்னுயிரைக் காத்த உத்தியோகத்தருக்கும் பகிரங்க விசாரணையே களங்கத்தைப் போக்கும்.

கொலைக் குற்றத்துக்கு மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அதிகாரம் சட்டமா அதிபரிடம் உள்ளது. அந்த அதிகாரம் கட்டற்றதன்று, நீதிமன்ற மீளாய்வுக்கு உட்படக்கூடியது என்பதை விக்டர் ஐவன் வழக்கில் 1998இல் உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத கால எல்லையே உண்டு. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேர்க்கப்படாது. துயரில் மூழ்கிய குடும்பங்கள் இதனை அறியாது காலத்தைத் தவறவிடுவதுண்டு. இவ்விடத்தில் சட்டத்தரணிகளும், பள்ளிவாசல், ஆலய, தேவாலய நிர்வாகங்களும் முன்வந்து வழிகாட்ட வேண்டும்.

சாட்சியம் பேணப்படாவிடின் சட்டம் இருந்தும் பயனில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் உயிரிழந்தபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே மரணம் நேர்ந்ததாக முதலில் கூறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களே மரணத்துக்குக் காரணம் என்பதை வைத்தியப் பரிசோதனையே வெளிக்கொணர்ந்தது. அவ்வாறு உண்மை துலங்கியும், முக்கிய சாட்சிகள் அச்சத்தால் நாட்டை விட்டு வெளியேற, 2019 ஜூலையில் சந்தேகநபர்களான விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர். முதல் நாளின் தடயமும் இறுதி நாள் வரை சாட்சியின் பாதுகாப்பும் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு, 2023இல் புதிய சட்டத்தால் பதிலீடு செய்யப்பட்டது. ஏட்டில் உள்ள அப்பாதுகாப்பு ஊறணியிலும் தன்னாமுனையிலும் ஏறாவூரிலும் உள்ள ஓர் ஏழைச் சாட்சியைச் சென்றடைய வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர், அதே மாதம் 11ஆம் திகதி இரவு தொடங்கி ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தோர், செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் பிடித்துச் செல்லப்பட்டோர் என நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் வேறுபட்டனர், மாண்டவர்களின் மதமும் இனமும் வேறுபட்டன. எவரும் தண்டிக்கப்படவில்லை என்பது மட்டும் மூன்றுக்கும் பொதுவாக இருந்தது. தத்தமது மரணங்களை மட்டும் எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை இரு சமூகங்களும் கைவிட வேண்டும் என இதனாலேயே வலியுறுத்துகின்றோம்.

ஆயுதம் தரித்த அரச ஊழியரால் ஓர் உயிர் பறிபோய், தற்பாதுகாப்புக் கூற்று மறுக்கப்படும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் சம்பந்தப்பட்ட பிரிவைச் சாராத அதிகாரிகள் விசாரணை நடத்த வேண்டும். காணொளிப் பதிவுகளும் துப்பாக்கியும் தாமதமின்றி நீதிமன்றப் பொறுப்புக்குள் கொண்டுவரப்பட வேண்டும். சட்டமா அதிபர் தமது முடிவையும் அதற்கான காரணத்தையும் குடும்பத்தினருக்கு அவர்களது மொழியில் அறிவிக்க வேண்டும். ஒரு குடும்பம் தன் பிள்ளை ஏன் இறந்தான் என்று கேட்கும்போது, சுட்டவரின் வாக்குமூலத்தை மாத்திரம் பதிலாகக் கொடுத்து அனுப்புவது நீதியாகாது.