இருளில் ஒலிக்கும் குரல்கள்: உயர்குடி இரகசியக் கழகமும் ஒரு காலப்பயண ஒலி நாடகமும்

பொழுதுபோக்குக்கெனப் படைக்கப்படும் ஆக்கங்களை நமது ஆய்வுலகம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்களும், தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்ள விழையும் உண்மைகளும் பேரிலக்கியங்களிற் போன்றே இவ்வாக்கங்களிலும் பதிவாகின்றன. சிலவேளைகளில் இங்கேயே அவை கூடுதலான வெளிப்படைத் தன்மையுடன் காணப்படுகின்றன எனலாம். இந்நோக்கிலேயே 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் இறுவட்டு வடிவில் வெளியான 'மினுவெட் இன் ஹெல்' என்னும் ஒலி நாடகம் இங்கு ஆராயப்படுகிறது. மினுவெட் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய உயர்குடியினர் ஆடிய நடனம். அவ்வுயர்குடியினரின் நடனம் நரகத்தில் நிகழ்வதாகக் கற்பனை செய்யும்போது நாடகம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதே நமது வினா.

நாடகத்தின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 'டொக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடரை பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் திகதி ஒளிபரப்பத் தொடங்கியது. பெயர் அறியப்படாத, 'டொக்டர்' என்றே அழைக்கப்படும் ஒருவர், பொலிஸ் தொலைபேசிக் கூண்டு போலத் தோன்றும் 'டார்டிஸ்' என்னும் கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து பயணஞ் செய்வதே அதன் அடிப்படை. 1989இல் இத்தொடர் நிறுத்தப்பட்டது. 1996இன் ஒரே தொலைக்காட்சித் திரைப்படத்தை விடுத்தால், 2005இல் மீண்டும் தொடங்கும் வரை திரையில் அதற்கு இடமிருக்கவில்லை. இவ்விடைவெளியிலேயே பிக் ஃபினிஷ் என்னும் சிறு நிறுவனம் உரிமம் பெற்று, 1999 முதல் ஒலி நாடகங்களாக அதனை வெளியிடத் தொடங்கியது. அலன் லியர், கரி ரசல் ஆகிய இருவரும் எழுதிய நமது நாடகமும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. 1980களில் ஆர்வலர்கள் ஊதியமின்றித் தமக்குள் தயாரித்துக்கொண்ட ஒலிப்பதிவு நாடகமொன்று இதன் மூலமாகும். ஆர்வலரின் உழைப்பு சந்தைப் பண்டமாக மாறிய வரலாறு இது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கதை இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலெபோல்ஜியா என்னும் கற்பனையான புதிய அமெரிக்க மாநிலத்தில் நிகழ்கிறது. தாந்தே கற்பனை செய்த நரகத்தின் எட்டாம் வட்டத்தின் பெயரையே இம்மாநிலம் தாங்கியுள்ளது. அங்கு பிரிகாம் எலிஷா டாஷ்வுட் என்னும் அரசியல்வாதி மதப் பிரசங்கியாராக மக்கள் முன் தோன்றுகிறான். வெள்ளை மாளிகையில் அவனுக்குக் கண். இரவிலோ அவன் 'நரகத்தீக் கழகம்' என்னும் இரகசியச் சங்கத்தின் முதல்வன். பிரமுகர்கள் கூடி மார்க்கோசியாஸ் என்னும் பேயை எழுப்பும் சடங்கை அங்கு நடத்துகின்றனர். டாஷ்வுட் புரவலனாக விளங்கும் மனநோய் நிலையத்தில் டொக்டர் நினைவிழந்த நோயாளியாகக் கிடக்கிறார். அவருடைய தோழி சார்லியும் நினைவிழந்தவளாய்க் கழகத்தில் விருந்தினரை உபசரிக்கும் பணிப்பெண்ணாக உழைக்கிறாள். பேயெனத் தோன்றுவன உண்மையில் மனித மனத்தின் ஆற்றலை உண்டு வாழும் வேற்றுலக உயிர்கள் என்பது ஈற்றில் தெரியவருகிறது.

டாஷ்வுட் என்னும் பெயர் தற்செயலானதன்று. சேர் பிரான்சிஸ் டாஷ்வுட் (1708–1781) வரலாற்று மாந்தர். அவருடைய தந்தை துருக்கியுடன் வாணிபஞ் செய்து பொருளீட்டிய லண்டன் வணிகர்; தாய் பிரபு குலத்தவர். வணிக மூலதனம் நிலவுடைமையோடு மணவுறவு கொண்டு ஆளும் வர்க்கமாக உருத்திரண்ட வரலாற்றை இக்குடும்பத்தின் கதையே உணர்த்தும். 1750களின் தொடக்கத்தில் தேம்ஸ் நதிக்கரையில் மெட்மென்ஹாம் என்னுமிடத்திலிருந்த பழைய மடாலயத்தைச் செப்பனிட்டு, தம்மைத் துறவிகளெனக் கேலியாக அழைத்துக்கொண்ட நண்பர் குழுவொன்றை அவர் அங்கு கூட்டினார். பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலே கற்பனை செய்த மடத்தின் ஒரே விதி, விரும்பியதைச் செய்யலாம் என்பது; அவ்விதியே மெட்மென்ஹாம் வாயிலிலும் பொறிக்கப்பட்டது. 'நரகத்தீக் கழகம்' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. 1719 அளவில் வோர்ட்டன் கோமகன் நடத்தி, 1721இன் அரச பிரகடனத்தால் ஒடுக்கப்பட்ட முந்திய கழகமொன்றின் பெயர் பின்னர் இவர்கள்மேல் ஏற்றப்பட்டது.

அங்கு பேய் வழிபாடு நடந்ததென்பதற்கு நம்பத்தகுந்த சான்றில்லை. மதுவும் காமமும் மதநையாண்டியும் இருந்தன. ஆனால் ஆய்வாளன் கேட்கவேண்டிய வினா, அங்கு என்ன செய்தனர் என்பதன்று; அங்கு கூடியோர் யாவர் என்பதே. டாஷ்வுட் 1762இல் நிதியமைச்சரானார். ஏழாண்டுப் போரின் கடனை அடைக்க 1763இல் சைடர் எனப்படும் அப்பிள் மதுவின்மீது வரி விதித்தவர் அவரே. வீடுகளுட் புகுந்து சோதனையிட அதிகாரிகளுக்கு உரிமையளித்த அவ்வரிக்கு எதிராகக் கிராமங்கள் கொதித்தெழுந்தன. 1766இல் அது கைவிடப்பட்டது. அவரோ 1763இலேயே பதவி துறந்து பிரபு பட்டம் பெற்று, 1766 முதல் இறக்கும்வரை தபால் மா அதிபர் பதவியைப் பகிர்ந்து வகித்தார். சாண்ட்விச் பிரபு கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சர். தோமஸ் பொற்றர் கன்டர்பரிப் பேராயரின் மகன். ஆக, மடாலயத்தில் மறைந்து கூடியோர் அரசுக்கெதிரான சதிகாரர் அல்லர், அரசே அவர்கள்தாம்.

இவ்வுண்மை 1763இல் வெளிச்சத்திற்கு வந்தது. கழகத்தவரான ஜோன் வில்க்ஸ், தமது 'நோர்த் பிரிட்டன்' இதழின் 45ஆம் எண்ணில் மன்னரின் பாராளுமன்ற உரையைத் தாக்கினார். பெயர் குறியாத பொதுப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டு அச்சாளர் உட்பட ஏறத்தாழ 50 பேர் கைதாயினர். அவ்வாண்டு நவம்பரில், வில்க்ஸ் இரகசியமாக அச்சிட்ட ஆபாசப் பாடலொன்றைப் பிரபுக்கள் சபையில் எழுந்து வாசித்து, ஒழுக்கத்தின் பெயரால் அவரைக் கண்டித்தவர் யார்? மெட்மென்ஹாமில் அவருடன் ஒரே மேசையிலிருந்து அருந்திய சாண்ட்விச் பிரபுவே! 'பிச்சைக்காரரின் இசைநாடகம்' என்னும் புகழ்பெற்ற நாடகத்தில் தோழனைக் காட்டிக்கொடுக்கும் கள்வனின் பெயரை லண்டன் மக்கள் அன்றிலிருந்து சாண்ட்விச்சுக்குச் சூட்டினர். கூடிக் களித்தவரை அக்குற்றத்துக்காக எவரும் தண்டிக்கவில்லை. கூட்டத்திலிருந்து வெளியேறிப் பொதுமக்களிடம் பேசியவரே தண்டிக்கப்பட்டார்.

இங்கு ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. வோர்ட்டனின் கழகம் ஒடுக்கப்பட்டு ஈராண்டுகளின் பின், 1723இல், 'கறுப்புச் சட்டம்' நிறைவேறியது. முகத்தில் கரி பூசி மாறுவேடத்தில் காடுகளிற் புகுந்து மான் வேட்டையாடிய ஏழை எளியவரை அது குறிவைத்தது. மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வில் காட்டுவது போல, அச்சட்டம் ஏறத்தாழ 50 புதிய குற்றங்களுக்கு மரணதண்டனை விதித்தது. ஆயுதத்துடன் முகத்தைக் கறுப்பாக்கிக் காட்டில் நடமாடுதலே அவற்றுளொன்று. ஒரே நூற்றாண்டில், ஒரே நாட்டில், கரி பூசிய முகத்துக்குத் தூக்குமரம்; துறவியுடை தரித்த பிரபுவுக்கு மந்திரி பதவி. மாறுவேடமும் மறைவும் தம்மளவிற் குற்றமாவதில்லை. எவ்வர்க்கத்தவர் மறைகிறார் என்பதைப் பொறுத்தே அவை குற்றமாகின்றன.

அவ்வாறாயின் பேய்க்கதை எங்ஙனம் தோன்றிற்று? சார்ள்ஸ் ஜோன்ஸ்ரன் எழுதிய 'கிரிசல்' என்னும் நாவலின் 1765இல் வெளியான பகுதிகளே மெட்மென்ஹாமைப் பொதுமக்களிடம் பரப்பின. அந்நாவலின் கதைசொல்லி, கைமாறிக் கைமாறிச் செல்லும் ஒரு கினிப் பொன் நாணயத்துள் உறையும் ஆவி! பணமே ஆவியாகிப் பேசிய அந்நூலில் வர்க்கமும் பேயும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதிருந்தன. பிற்காலக் கதைகள் ஆவியை வைத்துக்கொண்டு நாணயத்தைக் கைவிட்டன.

இனி, நாடகத்தின் வடிவம் பற்றி ஒரு சொல். பி.பி.சி.க்கெனவே எழுதப்பட்ட முதல் வானொலி நாடகம் 1924 ஜனவரியில் ஒலிபரப்பானது. றிச்சர்ட் ஹியூஸ் எழுதிய அந்நாடகம், விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கமொன்றில் நிகழ்வது. கேட்போனும் பாத்திரமும் ஒரே இருளில் நிற்பது ஒலி நாடகத்தின் சிறப்பியல்பு. இரகசியச் சடங்குக்கு இதனிலும் பொருத்தமான ஊடகம் பிறிதில்லை. மேலங்கியும் முகமூடியும் இங்கே புலப்படா; குரல் மட்டுமே வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரசங்கியாரின் உருக்கமான குரலும் கழகத் தலைவனின் ஆணைக்குரலும் ஒரே தொண்டையிலிருந்து எழுகின்றன என்பதைத் திரையிலும் கூர்மையாக ஒலி உணர்த்துகிறது. பிரித்தானிய நடிகரின் அமெரிக்க உச்சரிப்பு மிகையான கேலியாக முடிந்து இவ்வாய்ப்பைப் பலவிடங்களிற் கெடுத்துவிட்டமை வருந்தத்தக்கது.

காலப்பயணம் என்னும் உத்தியும் பிறக்கும்போதே வர்க்க வினாவுடன் பிறந்தது. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால இயந்திரம்' காட்டும் எதிர்காலத்தில், உழைப்பாளர் வழிவந்தோர் நிலத்தடியிலும் உல்லாசிகளின் வழிவந்தோர் நிலத்தின் மேலும் வாழ்கின்றனர். இங்கு மெட்மென்ஹாம் கதையின் நிலத்தடியையும் நினைத்தல் தகும். டாஷ்வுட்டின் ஊரான மேற்கு விக்கமில் 'நரகத்தீக் குகைகள்' என இன்று உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படுபவை, 1740களின் இறுதியில் விளைச்சல் பொய்த்தபோது கிராமத்து உழைப்பாளர் நெடுஞ்சாலை அமைக்கச் சுண்ணக்கல் அகழ்ந்ததால் உண்டானவை. பேய் அங்கு வந்ததாகக் கதையுண்டு. கல்லை வெட்டியோரின் பெயரைக் கதைகள் சொல்வதில்லை.

நாடகத்தின் சாதனையையும் குறையையும் இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். பகலில் வேதம் ஓதுபவனே இரவில் பேயை அழைப்பவன் எனக் காட்டியதன் மூலம், சாண்ட்விச் பிரபுவின் இரட்டை ஒழுக்கம் முதலாளித்துவ அமெரிக்காவின் தேர்தல் மேடையிலும் தொடர்கிறது என்பதை அது சரியாகவே இனங்கண்டது. நினைவிழந்த பெண்ணைக் கழகத்தின் பணியாளாக்கியதும் ஆழ்ந்த குறியீடே. தன் வரலாற்றை மறந்தவரையே எளிதிற் பணியவைக்கலாம். ஆயினும் தீமையின் தோற்றுவாயை விளக்கவேண்டிய இடத்தில் நாடகம் வேற்றுலக உயிரிடம் சரண்புகுகிறது. அவ்வுயிர் விரட்டப்பட்டதும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது; மாநிலத்தின் நிலம் யாருடையது, மனநோய் நிலையத்தின் பணம் எங்கிருந்து வந்தது என்பன வினாவாகவே எழுவதில்லை. கோர உருவகம் தன்னளவிற் பிழையன்று. மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதலாம் தொகுதியில் (1867) இரத்தம் உறிஞ்சும் காட்டேரியை உவமையாகக் கையாண்டார். ஆனால் அவர் காட்டேரியைக் காட்டி உழைப்புச் சுரண்டலை விளக்கினார். இந்நாடகமோ சுரண்டலைக் காட்டத் தொடங்கிக் காட்டேரியில் முடிகிறது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கிய நயம் பற்றியதன்று. பிரெஞ்சுப் புரட்சிக்கு வறுமையும் வரியும் காரணமல்ல, இரகசியக் கழகங்களின் சதியே காரணம் என 1797இல் பாருவெல் பாதிரியார் எழுதினார். 1776இல் பவேரியாவில் தோன்றி, பத்தாண்டுகளுக்குள் தடைசெய்யப்பட்ட இலுமினாற்றி என்னும் சிறு கழகத்திற்கு அவர் உலகைப் புரட்டும் வல்லமையை ஏற்றினார். மக்களின் எழுச்சியை மக்களிடமிருந்து பறித்து மறைகரமொன்றிடம் ஒப்படைக்கும் இச்சிந்தனை பிற்போக்காளருக்கு அன்றும் உதவியது, இன்றும் உதவுகிறது. அநீதியை உணர்ந்து அதன் காரணத்தைத் தேடும் எளிய மனிதன், சமூக அமைப்பைக் காண்பதற்குப் பதிலாக மறைவான சிலரைக் காணப் பழக்கப்படுகிறான். அவன் சினம் நியாயமானது, இலக்கே பிழைத்துவிடுகிறது.

மெட்மென்ஹாமின் பெரிய இரகசியம் இரவில் நிகழ்ந்ததன்று. நிதியமைச்சின் வரியும், காட்டைக் காத்த தூக்குமரமும், 1750க்கும் 1850க்கும் இடையில் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய ஏறத்தாழ 4,000 சட்டங்களும் பட்டப்பகலில், பாராளுமன்றத்தின் முழு அறிவுடன் நிறைவேறியவை. அவற்றைக் காணக் கால இயந்திரமோ மந்திரமோ வேண்டியதில்லை. பேயைத் தேடும் கண் இருளை நோக்கியே பழகிவிடுகிறது. அதனைப் பகலை நோக்கித் திருப்புவது முற்போக்குத் திறனாய்வின் கடன்.