மலைப்பாம்பும் மரப்பெட்டியும்



கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயலோரத்தில், சிறு வயதில் நான் ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கண்டெடுத்தேன். மரப்பெட்டியில் வைத்துச் சுண்டெலி கொடுத்தேன்; விழுங்கியது. மார்கழிக் குளிரில், மறுநாளே அதனைக் கக்கிவிட்டது. என் அன்பில் குறைவில்லை, அறிவில்தான் குறைவு.

பாம்பு தன் உடற்சூட்டை வெயிலிலும் பாறையிலும் பெறுகிறது. சூடு குன்றினால் இரை செரிக்காது, வயிற்றிலேயே அழுகும். முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளை நடுங்கச் செய்து வெப்பமூட்டும் தாய் மலைப்பாம்பு இதற்கொரு விலக்கு.

மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பைச் சிலர் வீட்டில் வளர்க்கின்றனர். அஞ்சினால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்வதால் அதற்கு அப்பெயர். அதன் கூண்டில் ஒரு புறம் 32 பாகை, மறுபுறம் 26 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; ஒளிந்துகொள்ள இடமும் தண்ணீரும் வேண்டும். 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அதனைப் பதிவு செய்தலும் கடமை.

நம் மலைப்பாம்பையோ வளர்த்தல் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது.

கக்கிய இரையைக் கண்ட அன்றே, வெயில் ஏறியதும், குட்டியை எடுத்த வரப்பிலேயே கொண்டு விட்டேன். சூடும் இரையும் தேடிக்கொள்ள அதற்குத் தெரியும். எலிகளைத் தின்று உழவனுக்கு உதவவும் தெரியும். பெட்டி வெறுமையாயிற்று, என் மனம் நிறைந்தது.