சங்கிலி ரம்பத்திற்கு ஏற்ற பாரைத் தெரிந்தெடுத்தல்

புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்த இரு புயல்களை, அதாவது 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி வீசிய தானே புயலையும், 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி வீசிய ஃபெஞ்சல் புயலையும் நம் பக்கத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த மரங்களை விரைவில் அப்புறப்படுத்த வேண்டிய அத்தகைய சமயங்களில் மோட்டார் சங்கிலி ரம்பம் மிகுந்த உபகாரமானது. ஆனால் அதை வாங்குவோர் எஞ்சினின் சக்தியை விசாரிக்கிறார்களேயன்றி, சங்கிலி சுற்றியோடும் நீண்ட எஃகுப் பட்டையாகிய 'பார்' எவ்வகையது என்று விசாரிப்பதில்லை. வேலையின் வேகமும் வேலையாளின் க்ஷேமமும் பெரும்பாலும் அப்பாரையே பொறுத்தவை.

நீளம்: நீண்ட பாரே சிறந்தது என்னும் எண்ணம் தவறு. அனந்தபுரம் பக்கத்தில் ஒரு நிலச்சொந்தக்காரர், 40 சி.சி. அளவுள்ள எஞ்சினில் 22 அங்குலப் பாரைப் பொருத்தி, விழுந்த வேப்பமரம் ஒன்றை அறுப்பித்தார். எஞ்சின் திணறியது. அம்மட்டோ! கண்ணுக்கு மறைவாயிருந்த கிளையொன்றில் பாரின் நுனி பட்டு, ரம்பம் எகிறி ஆளின் தலைப்பாகையைக் கிழித்துச் சென்றது. மறுநாள் 16 அங்குலப் பாரை மாட்டியபின் வேலை தடையின்றி நடந்தது. சவுக்குக் கழிகளுக்கு 12 முதல் 14 அங்குலமும், தோட்டத்து மரங்களுக்கு 16 அங்குலமும் போதும். எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட உச்ச நீளத்தை ஒருபோதும் மீறலாகாது.

நுனி: நுனியைக் கொண்டு பார்கள் இருவகைப்படும். பற்சக்கர நுனியில் சிறு சக்கரம் சங்கிலியுடன் சுழலுவதால், உராய்வு குறைந்து அறுப்பு விரைவாகிறது. எனினும் சக்கரத்தின் உள்ளே மணலும் சேறும் புகுந்தால் அது விரைவில் தேய்ந்து இறுகிவிடும். கெட்டி நுனியில் சுழலும் உறுப்பு ஏதுமில்லை. கடினமான கலப்புலோகம் பூசிய விளிம்பின்மேல் சங்கிலி வழுக்கிச் செல்கிறது. உராய்வும் சூடும் அதிகமாதலால் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அழுக்கைத் தாங்கும். ஆகவே தோட்ட வேலைக்குப் பற்சக்கர நுனியும், மரக்காணம் பக்கத்து மணற்பாங்கான சவுக்குத் தோப்பிலும் ஏரி உட்புறத்துச் சீமைக் கருவேலிலும் தரையை ஒட்டி அறுப்பதற்குக் கெட்டி நுனியும் ஏற்றவை.

உடல்: தகடுகளை ஒன்றாக இணைத்துச் செய்த பார் இலேசானது, விலையும் குறைவு; சிறு எஞ்சினுக்குத் தகும். ஒரே எஃகுத் துண்டாலான பார் கனமும் விலையும் மிக்கது. அறுப்பில் நசுங்கினாலும் எளிதில் வளையாது. இவ்வகையில் சிலவற்றிற்கு நுனி தேய்ந்தால் நுனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாள்தோறும் கூலிக்கு மரம் அறுப்போருக்கு இதுவே இலாபம். வருஷத்தில் சில நாட்களே உபயோகிப்போருக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை.

எகிறும் அபாயம்: ஓடும் சங்கிலி நுனியின் மேற்பாதியில் எதிலேனும் தட்டினால், ரம்பம் கண்ணிமைக்குமுன் ஆளை நோக்கி மேலெழும்பும். அகன்ற நுனியைவிடக் குறுகிய நுனியில் இவ்வபாயம் குறைவு. ஆதலால் பழக்கமில்லாதவருக்குக் குறுகிய நுனிப் பாரையே வாங்கித் தருக. எப்பாராயினும் இரு கைகளாலும் பிடித்தல், தோளுக்கு மேல் உயர்த்தாமை, நுனியால் அறுக்காமை, சங்கிலித் தடையைப் பழுதின்றி வைத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதன.

பொருத்தம்: பாரும் சங்கிலியும் மூன்று அளவுகளில் ஒத்திருக்க வேண்டும். முதலாவது சங்கிலியின் இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை இரண்டால் வகுத்தால் இது கிடைக்கும். இரண்டாவது பாரின் காடியகலம், இது 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வழங்கும். மூன்றாவது காடிக்குள் ஓடும் அடிப்பற்களின் எண்ணிக்கை. இவை பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாரின் அடித்துளைகளும் எஞ்சினுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குக.

பராமரிப்பு: சங்கிலியைத் தீட்டும்போதெல்லாம் பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டினால் இருபுறமும் சமமாகத் தேயும். காடியையும் எண்ணெய்த் துளையையும் துடைத்து, கரைகளில் எழும் பிசிறை அரத்தால் நீக்குக. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றலாகாது. சங்கிலி பக்கவாட்டில் சாய்ந்தாடினாலும், அடிப்பற்கள் காடியின் அடியைத் தொட்டாலும் பார் காலங்கடந்ததென்று அறிக.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பனையை வெட்டுவதற்கு ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் வருஷத்திய வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்ததை, ரம்பம் வைத்திருப்போருக்கு எடுத்துச் சொல்லுங்கள். புயல் காலம் வருமுன் ரம்பங்களையும் பார்களையும் சோதித்து வைக்கச் செய்யுங்கள். மரம் விழுந்த பின்பு பார் தேடுவோர், கிடைத்ததைப் பொருத்தி ஆபத்தை விலைக்கு வாங்கிக்கொள்வார்கள்.