சீவாளியின் நூல்கட்டு

நல்லூர் ஈசுவரன் கோயில் திருவிழாவில் நாதசுரம் கேட்டிருப்பீர்கள். சீவாளியைக் கவனித்தீர்களா? நாணல் வகைத் தண்டில் செய்த இரு இதழ்கள். கெண்டை என்னும் உலோகக் குழலின்மேல் அவற்றின் அடிப்பாகத்தை நூலால் கட்டியிருப்பார்கள்.

ஏன் அடியில் மட்டும்? ஊதும்போது நுனி மூடித் திறந்து துடிக்கவேண்டும், அத்துடிப்பே ஒலி. அடிக்கட்டு தளர்ந்தாலோ காற்று கசிந்துவிடும்.

மேலைநாட்டுக் கிளாரினெட்டில் ஒற்றை இதழ்; நூலுக்குப் பதில் திருகாணிப் பட்டை. மந்தர ஒலி தரும் பாஸ் கிளாரினெட்டில் இதழ் பெரிது, பட்டையும் பெரிது. பட்டைக்கு எந்த உலோகம் உயர்ந்தது என்று வாதாடுவோர் உண்டு. பிடி சீராக இருக்கிறதா என்றே நான் முதலில் பார்ப்பேன்; மிக இறுக்கினால் இதழ் வளைந்துவிடும்.

பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதுங்கள். நடுவில் பனியன் நூல் கட்டினால் சுருள் பிரியாது, ஒலியும் வரும். நசுக்கிய முனையிலேயே கட்டினால்? செய்து பாருங்கள்.