நாம் மருந்து என்கிறோம். டப்பா விஷம் என்கிறது

புதுவாயல் கூட்டுச்சாலையில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள் ஓய்வதில்லை. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் நெல் வயல். சொர்ணவாரிப் பருவமோ நவரைப் பருவமோ, பயிரில் பூச்சி தெரிந்ததும் முதுகில் டேங்க் ஏறிவிடும். கேட்டால், "மருந்து அடிக்கிறோம்" என்பார்கள். வாங்கும் கடையும் மருந்துக் கடைதான். டப்பாவின் மேல் சட்டம் எழுதச் சொல்லும் சொல் மட்டும் வேறு.

நான்கு நிறங்கள்

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி லேபிளில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்க வேண்டும். முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்கு அது குறையக் கூடாது. கீழ்ப்பாதியின் நிறம்தான் நச்சின் கடுமையைச் சொல்கிறது.

சிவப்பு: மிகக் கொடிய நஞ்சு. மேலே மண்டையோடும் 'விஷம்' என்ற சொல்லும் இருக்கும்.
மஞ்சள்: கொடிய நஞ்சு. மண்டையோடு இராது, 'விஷம்' உண்டு.
நீலம்: நடுத்தர நஞ்சு. 'அபாயம்' என்றிருக்கும்.
பச்சை: குறைந்த நஞ்சு. 'எச்சரிக்கை' என்றிருக்கும்.

சோதனை விலங்குகளில் பாதி சாக எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதே இதன் கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதுமென்றால் சிவப்பு. 5,000-க்கு மேல் வேண்டுமென்றால் பச்சை. உடனே தாக்கும் நஞ்சை மட்டுமே நிறம் அளக்கிறது. ஆண்டுக்கணக்கில் தோலிலும் மூச்சிலும் ஏறுவதை அது சொல்லாது. பச்சைதானே என்று வெறுங்கையால் கலக்கக் கூடாது.

காலாவதித் தேதி, பதிவு எண், முறிமருந்து ஆகியவையும் லேபிளில் இருக்கும். வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. யாருக்காவது மயக்கம், வாந்தி என்றால் 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்கு டப்பாவையும் எடுத்துப் போங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான முறிமருந்தைத் தேட முடியும்.

எங்கே வைப்பது?

தனி அறை, இல்லையேல் பூட்டிய அலமாரி என்கிறது விதி. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. மிச்ச மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிப் பரணில் வைக்கும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பூட்டு இன்னொரு விதத்திலும் உயிர் காக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு ஊர்ப் பொதுவில் பூச்சிக்கொல்லிப் பெட்டகங்களை அமைத்துப் பார்த்தது. அந்த ஊர்களில் பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் குறைந்ததை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆத்திரத்தில் கை நீளும் நேரத்தில் டப்பா எட்டாமல் இருந்தது காரணமாக இருக்கலாம்.

காலி டப்பா

காலியான டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் டேங்கிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலில் கொட்டினால் அது ஆரணியாற்றில் கலந்து பழவேற்காடு ஏரி வரை போகலாம். டப்பாவை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கிறது 44-ஆம் விதி. மொண்டு குளிக்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் அந்த டப்பா உதவும் என்று தோன்றும். உடைத்துப் புதைத்த பிறகுதான் அன்றைய மருந்தடிப்பு முடிகிறது.