சாக்குதான் லாபம்

வேலணையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய பெரிய கடை அச்சடித்த விலைக்கே விற்கும் பால்மாவை, சந்தைப் பக்கத்து மொத்தக் கடையில் குறைத்துத் தருகிறார்களே, சரக்குப் பழசா?

சில வேளை திகதி கிட்டியதும் வரும், பார்த்து வாங்குங்கள். மற்றபடி சரக்கு ஒன்றுதான். பெட்டியில் இருப்பது உச்ச விலை. அதற்கு மேல் விற்றால் 2003இன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் வழக்கு. கீழே விற்கத் தடையில்லை. மொத்தமாக எடுப்பவருக்குக் கம்பனி கழிவு கொடுக்கும். பெரிய கடைக்கும் கழிவு உண்டு, ஆனால் அது குளிரூட்டிக்கும் விளக்குக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் போய்விடும். என் மகளின் கலியாணத்திலும் அப்படித்தான், சோற்றை விட மண்டபத்துக்குத்தான் கூடக் காசு. மொத்தக் கடையில் பெட்டியின் வாயைக் கிழித்தால் அதுவே தட்டு.

எனக்குப் பிடித்தது சீனி விற்கும் விதம். சீனி விலை எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் அதில் கை வைக்க மாட்டார்கள். வாங்கிய விலைக்கே கொடுப்பார்கள். ஐம்பது கிலோ மூடையைக் கத்தியால் வெட்டவும் மாட்டார்கள். தையலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுக்க ஒரே இழுவையில் கழன்று வரும். சாக்கை உட்புறம் திருப்பி, கடைசி மணியையும் தட்டி எடுத்து, மடித்து வைப்பார்கள். நெல்லுக்கும் உமிக்கும் அதை வாங்க ஆளிருக்கிறது. மூடையில் மிச்சம் அந்தச் சாக்குத்தான். சீனிக்கு வந்தவர் தேயிலையும் சவர்க்காரமும் எடுப்பார், உழைப்பு அங்கே.

நெடுந்தீவில் இந்தக் கணக்கு தலைகீழ். குறிகட்டுவானில் லொறியால் இறக்கி, படகில் ஏற்றி, ஒரு மணித்தியாலக் கடல் கடந்து, மாவலித்துறையில் மறுபடி இறக்க வேண்டும். அச்சடித்த விலையோ கொழும்பிலும் அங்கேயும் ஒன்றுதான். அந்தக் கூலியைக் கடைக்காரர் தன் லாபத்தில் கொடுப்பார், அல்லது விலை அச்சடிக்காத பருப்பில் ஏற்றுவார். ஏற்றினால் கொள்ளைக்காரன் என்று பேர். தீவுக்காரரான நாங்களும் பட்டணத்துப் பைகளோடு படகில் வந்து இறங்கிவிட்டு, மாதக் கடைசியில் கடன் கொப்பியோடு அவரிடம்தான் போய் நிற்கிறோம்.

தென்னிலங்கை முழுக்கக் கடை வைத்து வியாபாரம் செய்தவர்கள் தீவார். அப்படிப்பட்டவர்களின் ஊரில் சின்னக் கடைகள் நாலைந்து சேர்ந்து, சங்கக்கடை மூலம் ஒரே கொள்வனவாக எடுத்து, ஒரே படகில் ஏற்றினால் கழிவும் கூடும், பெட்டிக்கு விழும் கூலியும் இறங்கும். முதல் போட ஆளிருக்கும். யாருடைய பெயரில் பற்றுச்சீட்டு எழுதுவது என்பதில்தான் பேச்சு முறியும்.